பூநாரை பார்க்க எங்கே போவது: சாம்பரா, பழவேற்காடா, கோடியக்கரையா?

மார்கழி பிறந்தால் என் போனுக்கு ஒரு கேள்வி வந்துவிடும். "பூநாரை வந்துடுச்சா? எங்கே போனா பார்க்கலாம்?" இந்த முறை கேட்டது என் தம்பி. ஜனவரியில் அவனுக்கு ஐந்து நாள் விடுப்பு. ராஜஸ்தானில் இருக்கும் சாம்பர் உப்பேரிக்குப் போகலாமா, கோடியக்கரையே போதுமா, பழவேற்காடு பக்கத்தில்தானே, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டான். போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

மூன்றிலும் நான் ஏமாந்திருக்கிறேன், மூன்றிலும் வாய்பிளந்து நின்றும் இருக்கிறேன். ஏமாந்ததற்குக் காரணம் ஒன்றுதான். தூரத்தைப் பார்த்தேன், விடுதியைப் பார்த்தேன், மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை.

ஃபிளமிங்கோ என்கிற பூநாரை நின்று மேயும் பறவை. அதற்கு நீந்தத் தெரியும். ஆனாலும் வயிறு நிறைய வேண்டுமென்றால் கால் சேற்றில் ஊன்ற வேண்டும், கவிழ்த்த தலை அடிமண்ணை எட்ட வேண்டும். பெரிய பூநாரை மூன்றரை அடிக்குக் குறையாத உயரம், சில நாலே முக்கால் அடிகூட வரும். சிறிய பூநாரைக்கு மூன்றடிகூட இருக்காது. இந்த உயரத்துக்குத் தோதாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில்தான் கூட்டம் இறங்கும். தண்ணீர் ஏறினால் சிதறி ஓரங்களுக்குப் போகும். வற்றினால் நடுவில் மிச்சமிருக்கும் குட்டைக்குப் போகும், அதுவும் இல்லையென்றால் வேறு ஊருக்கே பறந்துவிடும். ஆகவே எந்த இடம் என்று முடிவு செய்யுமுன், அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இந்த வருஷம் வந்ததா என்று பார்க்க வேண்டும். மூன்று ஊருக்கும் தண்ணீர் வரும் வழி வேறு வேறு.

சாம்பர்

கடல் எங்கேயோ இருக்க, வறண்ட நிலத்தின் நடுவில் ஓர் உப்பேரி. இந்தியாவில் உள்நாட்டு உப்பு ஏரிகளில் இதுதான் பெரியது. ஜெய்ப்பூரிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கி.மீ., காரில் இரண்டு மணி நேரம். ரயிலில் போனால் புலேரா ஜங்ஷன் பக்கம். ஏரியின் நீளம் 35 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அகலம் இடத்துக்கு இடம் 3 முதல் 11 கி.மீ. வரை. இவ்வளவு பெரிய ஏரியில் கோடையில் தண்ணீர் 60 செ.மீ. ஆழத்துக்கு இறங்கிவிடும், மழைக்காலம் முடிந்த கையோடு 3 மீட்டர் வரை நிற்கும்.

மேந்தா, ரூபன்கர் போன்ற ஆறுகள்தான் இதற்குத் தண்ணீர் கொண்டுவருகின்றன. மழை பெய்தால் ஓடும், இல்லையென்றால் வெறும் மணல். வந்த தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. வெயில்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே உப்பு எடுத்து வருகிறார்கள். ஏரியை இரண்டாகப் பிரித்து 5 கி.மீ. நீளத்துக்கு ஒரு கல் அணை போகிறது. மேற்கே திறந்த ஏரி, கிழக்கே உப்புப் பாத்திகள். மேற்கே தண்ணீரில் உப்பு ஏறி பதம் வந்ததும் மதகைத் திறந்து கிழக்கே விடுவார்கள்.

அந்தப் பாத்திகளை ஒருமுறையாவது கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் முற்ற முற்ற நிறம் மாறுகிறது. முதலில் கலங்கல், அப்புறம் பச்சை, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் செம்பருத்திச் சாறு மாதிரி அடர் சிவப்பு. அவ்வளவு உப்பிலும் உயிரோடிருக்கும் பாசியும் நுண்ணுயிர்களும் கொடுக்கும் நிறம் அது. பூநாரையின் சிவப்பும் இந்த உறவில் வந்ததுதான். பாசியில் உள்ள நிறமி, பாசியைத் தின்னும் இறால் போன்ற சிற்றுயிர்கள் வழியாகவும் நேரடியாகவும் பறவையின் உடம்பில் ஏறி இறகில் தெரிகிறது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான். சிவக்க இரண்டு மூன்று வருஷமாவது ஆகும்.

நான் முதன்முதலில் சாம்பர் போனது மழை பொய்த்த ஒரு வருஷத்தில். அது பொய்த்த வருஷம் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. ஜெய்ப்பூரில் பேசி வைத்திருந்த வண்டிக்காரர், "பறவை நிறைய இருக்கிறது, வாருங்கள்" என்று முதல் நாளே உறுதி சொல்லியிருந்தார். போய் நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைத் தரை. காலை வைத்தால் மேல் ஓடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. பைனாகுலரில் வெகு தூரத்தில் கானலுக்குள் ஒரு ரோஜாக் கோடு நடுங்கியது. அதுதான் பூநாரைக் கூட்டம். அன்று நான் பார்த்தது அவ்வளவுதான். ஆனாலும் அந்த வெறுமையில் நின்ற இரண்டு மணி நேரத்தை மறக்க முடியாது. காற்றைத் தவிர ஓர் ஒலி இல்லை.

இரண்டாவது முறை, நல்ல மழை பெய்த வருஷத்துக்குப் பின் வந்த ஜனவரியில் போனேன். அதே அணை மேல், அதே இடத்தில் நின்றேன். மேற்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர். பெரியதும் சிறியதுமாக இரண்டு வகைப் பூநாரையும் கலந்து நின்றன. அடையாளம் காண அலகைப் பார்த்தால் போதும். பெரியதற்கு வெளிர் ரோஜா அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறியதற்கு முழு அலகும் இருண்ட சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். மேய்வதும் வேறு. பெரியது தலையை அடிவரை முக்கித் துழாவும். சிறியது தண்ணீர் மட்டத்தில் அலகை இரு பக்கமும் வீசி மிதக்கும் நீலப்பச்சைப் பாசியை அரித்துக்கொண்டே நடக்கும். சிறிய பூநாரையைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்த மூன்றில் சாம்பர்தான் இடம்.

2019 நவம்பரில் அங்கே நடந்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. சில வாரங்களுக்குள் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து ஒதுங்கின. பாட்டுலிசம் என்று பரிசோதனையில் தெரிந்தது. காற்றில்லாத சேற்றில் பெருகும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு அது. செத்த பறவையில் புழு வைக்கும். புழுவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் உடம்பில் நஞ்சு இருக்கும். அந்தப் புழுவைத் தின்னும் அடுத்த பறவைக்குக் கழுத்து தொங்கி, இறகு தூக்க முடியாமல் போகும். இப்படிச் சங்கிலியாகப் போகும் சாவு. செத்ததை உடனுக்குடன் பொறுக்கி எடுத்துப் புதைப்பதுதான் தடுக்கும் வழி. நீங்கள் போகும்போது கரையோரம் நாலைந்து பறவைகள் செத்தோ தள்ளாடியோ கிடந்தால் கையால் தொடாமல் வனத்துறைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ஒரு நாள் முந்திச் சொன்னால்கூட அது பல நூறு பறவையின் உயிர்.

சாம்பரின் சிக்கல் நமக்குத் தூரம்தான். சென்னையிலிருந்து விமானத்தில் ஜெய்ப்பூர், அங்கிருந்து கார், போக ஒரு நாள் வர ஒரு நாள். ஐந்து நாள் விடுப்பில் ஏரிக்கு இரண்டு காலைப்பொழுது கிடைத்தால் பெரிது. ஜனவரி விடியற்காலைக் குளிர் நம் ஊர் ஸ்வெட்டருக்கு அடங்காது. அணை ஏறத்தாழ வடக்கு தெற்காகப் போவதால் காலையில் முதுகில் வெயில் வாங்கிக்கொண்டு மேற்கே பார்க்கலாம், அது ஒரு வசதி. ஏரிக்கரையில் சாகம்பரி தேவி கோயில் இருக்கிறது. ஏரியின் பெயரே அவள் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள்.

பழவேற்காடு

எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். பூநாரை பார்க்கப் பழவேற்காடு ஊருக்கே போனேன். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்து, கலங்கரை விளக்கம், டச்சுக்காரர் கல்லறை எல்லாம் பார்த்து, மீன் குழம்போடு சாப்பிட்டு, ஆலாவும் கொக்கும் பார்த்துத் திரும்பினேன். பூநாரை ஒன்றுகூட இல்லை. ஊரில் குறை இல்லை. அங்கே முகத்துவாரம் பக்கத்தில், தண்ணீர் ஆழம்.

ஏரி என்று ஊரார் சொல்வது உண்மையில் ஒரு காயல். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து நாட்டில் பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். தெற்கு வடக்காக 60 கி.மீ. நீளம். தெற்கு முனை மட்டும் தமிழ்நாட்டில், மிச்சமெல்லாம் ஆந்திராவில். நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலை மறைத்து நிற்கிறது. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் நன்னீர் கொண்டுவருகின்றன. பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாக ஏற்றத்தில் கடல் உள்ளே வருகிறது. தெற்கே ஆழம், வடக்கே போகப் போக மேடு. வடகிழக்குப் பருவமழை முடிந்து வடக்குப் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வடியும்போது பூநாரைக் கூட்டம் அங்கே இறங்குகிறது. கோடையில் அந்தத் தண்ணீர் கடலைவிட உப்பாகி, பல இடங்களில் காய்ந்து வெடித்தும் போகும்.

எனவே போக வேண்டிய ஊர் சூலூர்பேட்டை. சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் மின்சார ரயில் நேராகப் போகிறது, இரண்டு மணி நேரப் பயணம். டிக்கெட் விலை ஒரு டீ, இரண்டு வடைக் காசு. இருட்டோடு கிளம்பும் வண்டியைப் பிடித்தால் நல்லது. இறங்கியதும் ஆட்டோ பேசி ஸ்ரீஹரிகோட்டாச் சாலையில் போகச் சொல்லுங்கள். அந்தச் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரு பக்கமும் தண்ணீர். இறங்கி ஓரத்தில் நின்றால் போதும். படகு வேண்டாம், காட்டு வழி வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல இடம் கிடையாது. ராக்கெட் விடும் நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். சாலை முழுக்க வண்டியாக இருக்கும்.

சாலை கிழக்கு மேற்காகப் போகிறது என்பதை மனதில் வையுங்கள். தை மாதச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்குப் பக்கம் பார்த்தால் பறவை நிழலுருவாகத் தெரியும், வடக்குப் பக்கம் பார்த்தால் நிறம் தெரியும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் முதல் முறை அரை நாளை வீணடித்தேன். ஒன்பதரை பத்து மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் இருந்தாலும் அதற்குப் பின் படம் குழைந்துதான் வரும்.

அந்தச் சாலையோரத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் தண்ணீர் கொஞ்சம் பின்வாங்கியிருந்த ஒரு காலை. சேற்றில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் இருந்தன. நடுவில் சிறு மேடு, சுற்றிலும் வாய்க்கால் மாதிரி ஒரு வளையம். யாரோ பானை கவிழ்த்து எடுத்ததுபோல நூற்றுக்கணக்கில் கிடந்தன. என்னவென்று புரியாமல் நின்றேன். சற்றுத் தள்ளி முழங்கால் தண்ணீரில் ஒரு பூநாரை விடை காட்டியது. தலையை ஓரிடத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கால்களை மட்டும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே தன் தலையைச் சுற்றி வந்தது. நெல் பிணையடிக்கும் மாடு களத்தைச் சுற்றி வருவதுபோல. மிதியில் அடிச்சேறு கலங்கி புழுவும் சிறு இறாலும் மேலே வரும். கவிழ்ந்த அலகுக்குள் நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சீப்புப் பற்கள் இரையைப் பிடித்து வைக்கும். ஒரு வட்டம் முடிந்ததும் இரண்டடி தள்ளிப் போய் அடுத்த வட்டம். நான் பார்த்த பள்ளமெல்லாம் அப்படி மேய்ந்த தடம்.

இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பதே அங்கே கெடுதலும் ஆகிறது. கூட்டம் பறக்கும்போதுதான் சிறகின் கருஞ்சிவப்பும் கறுப்பும் தெரியும் என்பதால், கைதட்டியும் கல் வீசியும் கிளப்பிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் கொதித்துப் போகிறது. சிற்றுயிரைச் சலித்துச் சலித்துச் சேர்த்த தெம்பை அந்தப் பறவை நம் ஒரு படத்துக்காக இழக்கிறது. பொறுமையாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். கூட்டத்தில் சில தாமாகவே எழும்பி இடம் மாறும். நாம் கிளப்பிவிட்டுப் பார்ப்பதைவிட அது பல மடங்கு அழகு. டிரோன் எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். ராக்கெட் தளத்தின் பக்கத்தில் அது சட்டப்படியும் தொல்லை.

மதியம் வெயிலேறியதும் நேலப்பட்டு போய்விடலாம். சூலூர்பேட்டையிலிருந்து நெல்லூர் போகும் வழியில் சுமார் 20 கி.மீ. அங்கே தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு வர மாட்டார்கள். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும்கூட அங்கே உண்டு. ஜனவரி வாக்கில் சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் பேருந்து வசதியும் விளக்கம் சொல்ல ஆட்களும் கிடைப்பார்கள், கூட்டமும் இருக்கும். எனக்கு அது ஒத்துவராது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பிடிக்கலாம்.

படகைப் பற்றி ஒன்று. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். பூநாரையைப் படகில் துரத்திப் பார்க்கவும் தேவையில்லை. அந்த ஏரி மீனவர்களின் வயிற்றுப்பாடு. எந்தக் குழு எந்த நாள் எந்த இடத்தில் வலை வைப்பது என்று 'பாடு' முறை போட்டு முறை வைத்து மீன் பிடிக்கிறார்கள். அவர்கள் வலைக்கு நடுவே நாம் போய்ச் சுற்றுவது நியாயம் இல்லை.

கோடியக்கரை

இங்கே ஒரு நாளில் போய்வரலாம் என்று நினைப்பவர்கள் போகாமலிருப்பது நல்லது. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே வேதாரண்யம், அதைத் தாண்டி அகத்தியம்பள்ளி, கோடியக்காடு, அப்புறம் கோடியக்கரை. நிலம் அங்கே முடிகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை அகலப்பாதையில் 2023-இல் மறுபடி ரயில் விட்டிருக்கிறார்கள். வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். சொந்த வண்டியோ வாடகைக் காரோ இருந்தால்தான் அங்கே காலையும் மாலையும் உங்கள் கையில் இருக்கும்.

1967-இல் சரணாலயமாக அறிவித்தபோது முக்கியமாக நினைத்தது வெளிமானை. பக்கத்தில் கிடக்கும் பெரிய வேதாரண்யம் சதுப்பையும் சேர்த்து 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. 38,500 ஹெக்டேர். அதன்பின் இருபது வருஷம் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் இடம் இதுதான். சாலிம் அலி தேடித் தேடி வந்த இடம் இது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விடுகிறார்கள். சைபீரியப் பக்கத்திலிருந்து வரும், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகள் எந்த வழியாக வந்து எங்கே போகின்றன என்பதை நாம் இப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

இங்கே தண்ணீர் வரும் வழி மூன்று: ஐப்பசி கார்த்திகை மழை, கடல் ஏற்றம், காற்று. காற்று சதுப்புத் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். நேற்று பறவை நின்ற இடம் இன்று ஈரச் சேறு. அதனால்தான் இங்கே உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் பூநாரையைத் தேடக் கூடாது. சதுப்புக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பம்ப் ஹவுஸ் பக்கம், கோவைத்தீவு என்று அவர்களுக்கு இடம் தெரியும், அன்றைக்கு எது என்றும் தெரியும். நான் ஒரு முறை டிசம்பர் முதல் வாரத்தில் போனேன். மழை விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. பாதை முழுக்கச் சேறு, தண்ணீர் எங்கும் பரந்து கிடந்தது, பறவையெல்லாம் சிதறிப் போயிருந்தது. ஜனவரி நடுவில் போன மற்ற இரண்டு முறையும் குறை ஒன்றும் இல்லை.

பூநாரை என்று பார்த்தால் கோடியக்கரையில் சூலூர்பேட்டை அளவுக்குக் கிட்டத்தில் கிடைக்காது. தூரத்தில்தான் நிற்கும். ஆனால் மற்றதெல்லாம் இங்கேதான். உப்பளப் பாத்தி வரப்பில் உட்கார்ந்துகொண்டு எண்ணிப் பாருங்கள். கொசு உள்ளான் எலிக்கூட்டம் மாதிரி ஓடும். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் குச்சிக்காலில் நிதானமாக நடக்கும். கோணமூக்கு உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகை அரிவாள் வீசுவதுபோல வீசும். குதிரைமலைக் கோட்டானின் அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும், நண்டு வளைக்குள் அப்படியே இறங்கும். ஒரே சேற்றில், ஒவ்வொரு அலகும் ஒவ்வோர் ஆழத்தில் ஒவ்வோர் இரையைத் தேடுகிறது. ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கை வைப்பதில்லை. சாயங்காலம் புல்வெளியில் வெளிமான், தூரத்தில் காட்டுக் குதிரைகள்.

உப்பும் இங்கே வேறு கதை சொல்கிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய நிலம் இது. அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்றும் பெண்கள் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறார்கள். கேட்டால் பேசுவார்கள். பாதத்தில் வெடிப்பும் கண் கூச்சமும் அவர்களுக்குத் தொழிலோடு வந்தவை. படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரை வழியாகத்தான் ஏறியது. காட்டில் சாய்ந்த மரங்களின் அடையாளம் இன்னும் இருக்கிறது.

தங்க வனத்துறையின் 'பூநாரை இல்லம்' உண்டு; முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் வேதாரண்யத்தில் லாட்ஜ். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். குரங்கு தொல்லை அதிகம், கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

சரி, எது?

சென்னைவாசிக்கு, வாழ்நாளில் முதன்முதலாகப் பூநாரை பார்ப்பவருக்கு, சூலூர்பேட்டைதான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஜனவரி கடைசி, பிப்ரவரி, ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும். பொங்கலுக்கு முன் பெரிய மழை பெய்திருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள், தண்ணீர் வடியட்டும்.

பறவை பார்ப்பதையே பழக்கமாக்கிக்கொள்ள நினைப்பவருக்குக் கோடியக்கரை. இரண்டு இரவாவது தங்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக்காரர்கள் சூலூர்பேட்டைக்கு வர யோசிக்கவே வேண்டாம், உங்கள் வாசலிலேயே இருக்கிறது.

சாம்பருக்கு ஒரே ஒரு நிபந்தனை. அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் ஜெய்ப்பூர், அஜ்மீர்ப் பக்கம் மழை எப்படி என்று செய்தி பாருங்கள். நன்றாகப் பெய்திருந்தால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் டிக்கெட் போடுங்கள். பெய்யவில்லையென்றால் அடுத்த வருஷம். வேறு வேலையாக ஜெய்ப்பூர் போகிறவர்கள் மட்டும் மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு நாளை ஒதுக்கலாம். பறவை இல்லாவிட்டாலும் அந்த வெள்ளை நிலமும் சிவப்புப் பாத்திகளும் இருக்கும்.

தம்பிக்கு நான் சொன்னது இது. முதல் நாள் விடியற்காலை சூலூர்பேட்டை, மதியம் நேலப்பட்டு, இரவு வீடு. மறுநாள் ஓய்வு. மிச்ச மூன்று நாளும் கோடியக்கரை. அவனுடைய சின்ன மகள் சேற்று வட்டங்களைப் பார்த்துவிட்டு, பிறகு வேதாரண்யம் வரப்பில் உட்கார்ந்து உள்ளான் எண்ணட்டும். சாம்பர் இன்னொரு வருஷத்துக்கு, ராஜஸ்தானில் மழை பெய்த வருஷத்துக்கு. என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது. ஒன்றை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.